தப்பை விட்டுக்கொடுக்காதவர்

மழை பெய்தால்கூட மன்னிப்புக் கேட்கிற ஒருவரோடு எனக்குப் பல வருஷப் பழக்கம் இருந்தது. மிகைப்படுத்திச் சொல்லவில்லை. ஐப்பசியில் ஒருநாள் மலை மேல் திருப்புலி நாடு என்கிற ஊரில் இருந்த அவர் வீட்டுக்குத் தொப்பலாக நனைந்து போய்ச் சேர்ந்தேன். துண்டை எடுத்துக்கொண்டு வாசலுக்கே ஓடி வந்தவர், "எம்மேலதானுங்க தம்பி தப்பு. மானம் கருத்துட்டு வாரத நான் பாத்திருக்கோணும். உங்கள நாளைக்கு வரச் சொல்லியிருக்கோணும்" என்றார். "மழைக்கும் உங்களுக்கும் என்னண்ணா சம்பந்தம்?" என்று எரிச்சலோடு கேட்டேன். என்னை எரிச்சல்படுத்தியதற்காக இன்னொரு மன்னிப்புக் கேட்டார்.

எனக்கு இந்த மாதிரி ஆட்களைக் கண்டால் ஆகாது. அதே மலையில் வாழவந்தி நாட்டில் நான் வண்டிப் பட்டறை வைத்திருந்த காலத்தில் அங்கே ஒரே ஒரு சட்டம்தான். நட்டு கழன்று விழுந்தால் "யார் முறுக்கியது?" என்று கேட்பேன். ஒருவன் "நான்தான்" என்று சொல்ல வேண்டும். சொன்னவனைக் காது கூசத் திட்டுவேன். திட்டி முடித்ததும் டீ வாங்கிக் கொடுப்பேன், அதோடு விஷயம் முடிந்தது. தப்பு என்றால் அதற்கு ஒரு சொந்தக்காரன் வேண்டும் என்பது என் கட்சி. இவரோ ஊரில் எங்கே புறம்போக்காக ஒரு தப்பு கிடந்தாலும் ஓடிப்போய்த் தன் பேருக்குப் பட்டா போட்டுக்கொள்கிறவர். புறம்போக்கு என்றில்லை, அடுத்தவன் பட்டாவாக இருந்தாலும் விடமாட்டார்.

ஊரில் எல்லோரும் அவரை டிரைவர் என்றார்கள். எனக்கு டிரைவரண்ணன். மலை மேல் ஒரு காப்பித் தோட்டத்து முதலாளியிடம் இளம் வயதிலிருந்து வண்டி ஓட்டியவர். அந்த முதலாளி ஆசைப்பட்டுக் கடல் தாண்டி வரவழைத்த அமெரிக்கக் கார் ஒன்று தோட்டத்தில் இருந்தது. கதவு இரண்டே இரண்டு. முன்னால் பாய் விரித்துப் படுக்கலாம் போல ஒரு பானெட், அதற்கடியில் எட்டு சிலிண்டர் இஞ்சின். ஆக்சிலேட்டரை மிதித்தால் அடுத்த ஊர் நாய்கள் குரைக்கும். முதலாளி போய்ச் சேர்ந்த பிறகு பிள்ளைகள் தோட்டத்தை விற்றார்கள். இந்த வண்டியை வாங்க ஆளில்லை. ஓட்டத் தெரிந்தவர் இவர் ஒருவர்தான் என்பதால் இவருக்கே கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். ஊர் அதற்குக் கப்பல் என்று பேர் வைத்தது. பின்சீட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, மிளகு மூட்டையும் காப்பிக்கொட்டை மூட்டையும் ஏற்றிக்கொண்டு அடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டிக்கு இறங்குவார்.

கப்பலின் ஸ்டியரிங் இடது பக்கம். முன்னால் போகிற லாரியைத் தாண்டி எதிரே என்ன வருகிறது என்று ஓட்டுகிறவருக்குத் தெரியாது. அதனால் வலது பக்க சீட்டில் அவர் மனைவி உட்கார்ந்திருப்பார். நான் அக்கா என்று கூப்பிடுவேன். கொண்டை ஊசி வளைவு முழுக்க அக்கா தலையை வெளியே நீட்டி, "வருது... நில்லுங்க... வல்ல... போங்க" என்று சொல்லிக்கொண்டே வருவார். மலையில் அந்த வண்டியை ஓட்டியது இரண்டு பேர். ஓட்டக் கற்றுக்கொண்டதும் இரண்டு பேர்தான். சமதளத்தில் அக்காவே ஓட்டுவதைப் பார்த்திருக்கிறேன். கிளச்சை அவ்வளவு மெதுவாக விடுகிற கால் என் பட்டறைப் பையன்களில் ஒருவனுக்கும் கிடையாது.

ஒருமுறை நானும் அந்த வண்டியில் மடியில் ஒரு கியர்பாக்ஸை வைத்துக்கொண்டு மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து வந்தேன். ஒரு வளைவில் அக்கா "வல்ல, போங்க" என்றார். இவர் ஹாரன் அடித்துக்கொண்டேதான் திரும்பினார். எதிரே ஒரு பஸ் தன் பக்கத்தை விட்டு எங்கள் பக்கமாக அகலமாக வந்து கதவை உரசிவிட்டு நின்றது. பஸ் டிரைவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு சண்டைக்குத் தயாராக இறங்கினார். தப்பு தன்னுடையது என்று அவருக்குத் தெரியும், அதனால் குரல் பெரிதாக இருந்தது. அதற்குள் இவர் கையைக் கூப்பிக்கொண்டு போய் நின்றுவிட்டார். "எம்மேலதானுங்க தப்பு, நல்லா ஹாரன் அடிச்சிருக்கோணும்." பஸ் டிரைவர் மடித்த சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு ஏறிப் போய்விட்டார்.

அக்காவுக்கு வந்ததே கோபம். "பஸ்ஸுக்காரன் தப்பா, வல்லன்னு சொன்ன என்ற தப்பா? ரெண்டுல ஒண்ணச் சொல்லுங்க."

"ரெண்டும் இல்ல சாமி. நாந்தான்."

"பாத்தியா கண்ணு?" என்று அக்கா என் பக்கம் திரும்பினார். "ஊட்டுல ஒரு சண்டை போட முடியுதா? சண்டைன்னா ரெண்டு பேரு வேணுமில்ல? நான் ஒருத்தியே எத்தன நாளைக்குப் போடறது?" நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். அக்கா அடிவாரம் வரைக்கும் சிரிக்கவில்லை, "வருது", "வல்ல" தவிர வேறு வார்த்தையும் பேசவில்லை.

ஊர் அவரை நன்றாகப் பயன்படுத்திக்கொண்டது. ஒருமுறை யாரோ வால்வைத் திறந்துவிட்டு மூடாமல் போய், குடிதண்ணீர்த் தொட்டி முழுவதும் காலியாகிவிட்டது. கூட்டம் போட்டார்கள். ஆளாளுக்குக் குரல் ஏறி, கைகலப்பு வரப்போகிற நேரத்தில் இவர் எழுந்து, "சாயங்காலம் நான் அந்தப் பக்கமாத்தானுங்க வந்தேன். பாத்து மூடியிருக்கோணும். எம்மேலதான் தப்பு" என்றார். கூட்டம் கலைந்து எல்லோரும் சோறு தின்னப் போனார்கள். வால்வைத் திறந்தவன் அந்தக் கூட்டத்தில்தான் வெற்றிலை மென்றுகொண்டு உட்கார்ந்திருந்தான்.

நானும் யோக்கியன் இல்லை. ஒரு தடவை ஆயில் மாற்றிவிட்டு அடியில் இருந்த போல்ட்டைச் சரியாக முறுக்காமல் அனுப்பிவிட்டேன். ரோடெல்லாம் ஆயில் ஒழுகியிருக்கிறது. மறுநாள் அவர் வந்தபோது சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். அவர் முந்திக்கொண்டு, "மேட்டுல வேகமா ஏத்திப்போட்டனுங்க, போல்ட்டு லூசாயிருச்சு" என்றார். நான் "சரி, இனிமே பாத்து ஓட்டுங்க" என்றேன். அவர் பக்கத்தில் இருக்கிற வரைக்கும் யாருக்கும் தப்பு என்று ஒன்று கிடைக்காது. அது சுகமாகத்தான் இருந்தது.

ஐப்பசியில் நான் மழையில் நனைந்து போனது, அவர் வாசலைப் பார்ப்பதற்காகத்தான். ரோட்டிலிருந்து வீட்டுக்கு ஏறுகிற வழி செங்குத்தான செம்மண் சரிவு. மழைக் காலத்தில் கப்பல் பாதி ஏறி நின்றுவிடும். பின்னால் ஒரு சக்கரம் மட்டும் சேற்றை வாரி இறைத்துக்கொண்டு சுற்றும், இன்னொன்று அசையாது. நடுவில் இருந்து பின்சக்கரங்களைச் சுற்றுகிற சாதாரண டிஃபரன்ஷியலின் குணம் அப்படி. இரண்டு பின்சக்கரத்தில் எது லேசாகச் சுற்றுகிறதோ அதன் போக்கிலேயே இஞ்சின் பலத்தை விட்டுவிடும். வளைவில் திரும்புவதற்கு அது நல்லது, சேற்றுக்குக் கெட்டது. வழுக்குகிற சக்கரம் ஆடும், கெட்டித் தரையில் நிற்கிற சக்கரம் வேடிக்கை பார்க்கும்.

"சரிவுல ஊடு கட்டினது எம்மேல தப்புங்க" என்றார்.

"ஊட்டை இடிக்க வேண்டாம். டிஃபரன்ஷியலை மாத்திடலாம்" என்றேன்.

கோயம்புத்தூரில் பந்தய வண்டிகளுக்கு வேலை செய்கிற நண்பன் ஒருவனிடம் இந்த வண்டிக்குப் பொருந்துகிற லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் ஒன்று கிடைத்தது. உள்ளே உராய்ந்து இறுகுகிற தகடுகள் இருக்கும். ஒரு சக்கரம் வழுக்க ஆரம்பித்தால் தகடுகள் இறுகி, மறு சக்கரத்துக்கும் பலத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்கும். மழை விட்டதும் அவர் வீட்டுக் கொட்டகையிலேயே வேலையை ஆரம்பித்தேன். வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, ஆயிலை வடித்து, பின்மூடியைத் திறந்து, சக்கரத்துக்குப் போகிற இரண்டு பக்க ஆக்சில் தண்டையும் உருவினேன். பேரிங் மூடிகளில் இடது எது, வலது எது என்று குறி போட்டுக்கொண்டேன், மாறினால் வேலை நாசம். பழைய டிஃபரன்ஷியலை வெளியே எடுத்து, அதிலிருந்த கிரவுன் வீல் என்கிற பெரிய பல்சக்கரத்தைக் கழற்றிப் புதியதில் பூட்டினேன். அந்த எடையை வண்டிக்கடியில் மல்லாந்து படுத்துத் தூக்கி வைத்தவன் எவனும் அன்றைக்கு நல்ல வார்த்தை பேசமாட்டான்.

பற்களில் மஞ்சள் பெயின்ட் தடவிச் சுற்றிப் பார்த்தால் எந்த இடத்தில் பல்லும் பல்லும் உரசுகின்றன என்று தெரியும். நடுவில் உரச வேண்டும். முதல் தடவை ஓரத்தில் உரசியது. பிரித்து, காகிதம் போல் மெல்லிய தகட்டை மாற்றி வைத்து மறுபடி பூட்டினேன். மறுபடியும் ஓரம். டார்ச்சைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் படுத்திருந்தவர், "வண்டி பழசுங்க தம்பி, அதான் ஒத்துக்க மாட்டீங்குது. எம்மேலதான்..." என்று ஆரம்பித்தார்.

"அண்ணா, தயவுசெஞ்சு வாயை மூடிக்கிட்டு டார்ச்ச நேராப் புடிங்க."

"புடிக்கறனுங்க. கை ஆடிப்போச்சு, தப்புதான்."

கடைசியில் பொருந்தியது. அதற்கென்று உள்ள மருந்து கலந்த ஆயிலை ஊற்றி, தகடுகள் பதமாவதற்காகப் பக்கத்துக் காலி இடத்தில் எட்டுப் போட்டு ஓட்டினோம். அப்புறம் சரிவில் ஏற்றினார். அன்றைக்குக் காலையிலும் தூறல் போட்டிருந்தது. கப்பல் ஒரு உறுமு உறுமிவிட்டு, இரண்டு சக்கரமும் மண்ணைக் கவ்வி, நேராக ஏறி வாசலில் வந்து நின்றது. அவர் முகம் அவ்வளவு மலர்ந்து நான் பார்த்ததில்லை. அடுத்த நிமிஷமே இறங்கி, தோண்டிப் போன சரிவைத் திரும்பிப் பார்த்து, இத்தனை வருஷம் டயரைத் தேய்த்ததற்காக வருத்தப்பட ஆரம்பித்துவிட்டார்.

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். மிளகு பறிக்கிற மாசத்தில் கொடியிலிருந்து வந்த சரங்களை ஒரு இரும்பு மெஷினில் போட்டு மணி மணியாக உதிர்ப்பார்கள். மெஷின் மோட்டாரில் ஓடும். மலையில் கரண்ட் போனால் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அப்போதெல்லாம் அவர் வீட்டில் கப்பலின் ஒரு பின்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, டயரோடு கழற்றிவிட்டு வெறும் ரிம்மைப் பூட்டி, அதிலிருந்து மெஷினுக்கு ஒரு பெல்ட் போட்டுவிடுவார்கள். அக்கா சீட்டில் உட்கார்ந்து கியர் போட்டுக் கிளச்சை மெதுவாக விடுவார். தூக்கின சக்கரம் மட்டும் சுற்றும், தரையில் இருக்கிற சக்கரம் சும்மா நிற்கும். அக்காவின் தம்பி மெஷின் பக்கம் நின்று மிளகை அள்ளிப் போடுவார். பக்கத்துத் தோட்டக்காரர்தான் அவரும். ஒவ்வொரு வருஷமும் இப்படித்தான்.

புதியதைப் பூட்டிய பிறகு அது நடக்காது. தரையில் இருக்கிற சக்கரமும் சேர்ந்து சுற்றும், வண்டி ஜாக்கியை விட்டுப் பாயும். கையைத் துடைத்துக்கொண்டே அவரிடம் சொன்னேன். "பெல்ட் போடறதுன்னா ரெண்டு சக்கரத்தையும் தூக்கிக் கட்டை மேல வெச்சுத்தான் போடணும். ஒத்தச் சக்கரத்தத் தூக்கிக் கியர் போட்டா ஆள் காலியாயிரும்."

அவருக்குப் புரிந்தது. புரிந்ததால்தான் அன்று மத்தியானச் சாப்பாட்டில் உடனே சொன்னார். அக்கா சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் போட்டார். அக்காவின் தம்பியும் வந்திருந்தார். நான் தம்பிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தேன். டிரைவரண்ணன் தொண்டையைச் செருமினார்.

"மாப்ளே, நான் ஒரு தப்பு பண்ணிப்போட்டேன். உங்கள ஒரு வார்த்த கேக்காம டிப்ரன்சல மாத்திப்போட்டேன். பழசே நல்லாத்தான் இருந்துச்சு. எம்மேலதான் தப்பு. இனிமே ஒத்தச் சக்கரத்தத் தூக்கிக் கியரு போடக்கூடாதாமா. உங்களுக்குச் செரமந்தான். மனசுல வெச்சுக்காதீங்க. ரெண்டையும் தூக்கோணுமாம். எல்லாம் என்னாலதான்."

தம்பி சோற்றைப் பிசைந்தபடி, "அட உடுங்க மச்சான், இதுக்கெல்லாமா மன்னிப்பு" என்றார். அக்கா, "இன்னைக்கு இது எத்தனாவதுன்னு யாராச்சும் எண்ணுங்கப்பா" என்றார். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். அந்தப் பேச்சில் மன்னிப்பு எல்லோர் காதிலும் விழுந்தது. எச்சரிக்கை யார் மனதிலும் நிற்கவில்லை.

மாசியில் ஒரு பிற்பகல் கரண்ட் போனது. டிரைவரண்ணன் வீட்டுக்கு மேலே இருந்த பாறையில் மிளகு காயப் போட்டுக்கொண்டிருந்தார். கீழே தம்பி எப்போதும் போல ஒரு சக்கரத்தைத் தூக்கி, முன்சக்கரத்துக்குக் கல்லை அண்டக் கொடுத்து, பெல்ட்டை மாட்டினார். அக்கா எப்போதும் போல சீட்டில் ஏறி, எப்போதும் போல மெதுவாகக் கிளச்சை விட்டார். கப்பல் கல்லின் மேல் ஏறி, ஜாக்கியைச் சாய்த்துக்கொண்டு முன்னால் பாய்ந்தது. பெல்ட் இழுத்த இழுப்பில் மெஷின் புரண்டு தம்பியின் கால் மேல் விழுந்தது. வெறும் ரிம் மண்ணில் புதைந்த பிறகுதான் இஞ்சின் அணைந்தது. நான் மறுநாள் போனபோதும் அது புதைந்தபடியே இருந்தது, மிளகு மண்ணில் சிதறிக் கிடந்தது.

முழங்காலுக்குக் கீழே எலும்பு நொறுங்கியிருந்தது. நாமக்கல்லில் ஆஸ்பத்திரியில் கம்பி வைத்தார்கள். வந்து விசாரித்த ஒவ்வொருவரிடமும் டிரைவரண்ணன் கையைக் கூப்பிக்கொண்டு ஒரே விஷயத்தைச் சொன்னார். "நான் அவங்களுக்குச் சொல்லவே இல்லீங்க. சொல்லியிருந்தா இது நடந்திருக்காது. எம்மேலதான் தப்பு."

அவரைத் தனியாக மாடிப்படிக்குப் பக்கம் இழுத்துக்கொண்டு போனேன். "அண்ணா, நான் பக்கத்துலதான் உக்காந்து தின்னேன். நீங்க சொன்னீங்க."

"சொல்ற மாதிரி சொல்லலீங்க தம்பி" என்றார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க வேலையில ஒரு கொறையும் இல்லீங்க. நீங்க ஒண்ணும் நெனச்சுக்காதீங்க" என்றார். எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது. மிளகு மாசத்துக்கு முன்னால் ஒருமுறை போய்ச் சொல்லியிருக்கலாமே, ஒரு போனாவது பண்ணியிருக்கலாமே என்று இரண்டு நாளாகத் தூக்கமில்லாமல் இருந்தவன் நான். அவர் அதையும் வாங்கிக்கொண்டார், நானும் கொடுத்துவிட்டு வந்தேன். இன்றைக்கு நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

ஆஸ்பத்திரியில் தம்பி என்னிடம் சொன்னது வேறு. "மச்சான் சொன்னாருங்க. நாந்தான் எப்பவும் போலப் பொலம்பறாருன்னு உட்டுட்டேன்." ஆனால் தினமும் ஒருவர் வந்து உன் கால் போனதற்கு நான்தான் காரணம் என்று அழுதால், எவ்வளவு நாள்தான் மறுத்துக்கொண்டிருப்பது? டிரைவரண்ணன் தம்பியின் தோட்டத்து மிளகைப் பறித்துக் கொடுத்தார், தண்ணீர் பாய்ச்சினார், கழிப்பறைக்குத் தூக்கிக்கொண்டு போனார். ஆறு மாசத்தில் தம்பிக்கு அந்தச் சாப்பாட்டுப் பேச்சு மறந்தே போய்விட்டது. கோலை ஊன்றிக்கொண்டு டீக்கடையில் உட்கார்ந்து, "மச்சான் ஒரு வார்த்த சொல்லியிருந்தா எங்காலு இப்படி ஆயிருக்குமா?" என்று சொல்வதை என் காதாலேயே கேட்டேன். பொய் சொல்கிற முகமாக அது இல்லை. அப்படியே நம்பிவிட்டார்.

அக்காதான் மாறிப்போனார். கப்பலின் வலது சீட்டில் அதற்குப் பிறகு உட்காரவில்லை. டிரைவரண்ணன் வளைவுக்கு வளைவு வண்டியை நிறுத்தி, இறங்கி எட்டிப் பார்த்துவிட்டு ஏறி ஓட்டினார். அக்கா அழவும் இல்லை. சொந்தக்காரப் பெண்கள் வந்து, "உனக்கென்ன தெரியும் பாவம், அவரு சொல்லவே இல்லையாமே" என்று சொல்லும்போது சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

ஒருநாள் நான் போயிருந்தபோது என் எதிரே வந்து நின்று கேட்டார். "கண்ணு, நெசத்தச் சொல்லு. வண்டி கல்லு மேல ஏறறப்பவே நான் கிளச்ச மிதிச்சிருந்தா நின்னிருக்குமா? பயத்துல காலு அப்படியே நின்னுபோச்சு. மிதிக்கவே இல்ல."

நின்றிருக்கும். பாதி தூரத்திலேயே நின்றிருக்கும், மெஷின் புரண்டிருக்காது. மெக்கானிக் என்ற முறையில் எனக்குத் தெரிந்த பதில் அதுதான். நான் வாயைத் திறப்பதற்குள் டிரைவரண்ணன் உள்ளேயிருந்து ஓடி வந்தார். "அதெல்லாம் நிக்காது சாமி. மாட்டினது நானு, சொல்லாதது நானு. நீ ஏன் போட்டு ஒழப்பிக்கற?" அக்கா அவரைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்தார். தப்புக்குச் சொந்தக்காரன் வேண்டும் என்று பட்டறையில் கத்துகிறவன் குனிந்து செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

அடுத்த மிளகு மாசம் நெருங்கும்போது அவர் ஆள் அனுப்பினார். லிமிடெட் ஸ்லிப்பைக் கழற்றிவிட்டுப் பழையதையே பூட்ட வேண்டுமாம். வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன், கேட்கவில்லை. ஒரு காலைப் பொழுது வண்டியை வாசலில் தூக்கி நிறுத்தி, அடியில் படுத்து ஆயிலை வடியவிட்டுக்கொண்டிருந்தேன். அன்றைக்குத் தம்பியைப் பார்க்க வெளியூரிலிருந்து அவருடைய பெரியப்பா ஒருவர் வந்திருந்தார். எல்லோரும் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். வண்டிக்கடியிலிருந்து எனக்குக் கால்கள்தான் தெரிந்தன. தம்பியின் கோல் தெரிந்தது.

"இத்தன வருசம் வண்டி ஓட்டின மனுசன், ஊட்டுல இருக்கறவங்களுக்கு ஒரு வார்த்த சொல்லோணும்னு தெரியாதா?" என்றார் பெரியப்பா.

"தெரிஞ்சிருக்கோணுமுங்க. எம்மேலதானுங்க தப்பு" என்றது பழகிய குரல்.

சமையல்கட்டுப் பக்கமிருந்து இரண்டு பாதங்கள் வேகமாக வந்து வாசல் நடுவில் நின்றன.

"அவரு சொன்னாரு" என்றார் அக்கா. "நான் சோறு போட்டுட்டு இருந்தேன். என்ற காதுல உழுந்துச்சு. சிரிச்சுட்டு உட்டுட்டேன்."

"இல்லீங்க, நான் சரியா..." என்று இவர் எழுந்தார்.

"உக்காருங்க!" அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. "கிளச்ச உட்டது ஆரு? நீங்களா? பாறை மேல நின்னவரு உங்க காலு அங்கிருந்து நீண்டு வந்து உட்டுச்சா? என்ற தம்பி கால ஒடச்சது என்ற காலு. ஒரு வருசமா அவனுக்குச் சோறு போட்டா நீங்க புடுங்கிட்டுப் போய்ப் போடறீங்க. கஞ்சி கொடுத்தா நீங்க கொடுக்கறீங்க. அவன்கிட்ட மன்னிச்சுக்கடான்னு ஒரு வார்த்த கேக்க எனக்கு எடமே இல்ல. நான் கேக்கப் போறதுக்குள்ள நீங்க கேட்டுப்போடறீங்க. ஊரு தப்பெல்லாம் எடுத்துக்கங்க, நான் ஒண்ணும் சொல்லல. இந்த ஒண்ணு என்றது. இதையாச்சும் எனக்கு உடுங்க."

ஆயில் சொட்டுகிற சத்தம் மட்டும் என் தலைமாட்டில் கேட்டது. நான் மெதுவாகத் தலையை வெளியே நீட்டினேன். டிரைவரண்ணனின் இரண்டு கையும் பழக்கத்தில் கூப்புவதற்காக மேலே வந்துகொண்டிருந்தன. மார்பு வரைக்கும் வந்து நின்றன. அக்கா அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். டிரைவரண்ணன் வாயைத் திறந்தார், மூடினார். மறுபடி திறந்தார். கைகள் கீழே இறங்கின.

"ஆமா" என்றார். "நீதான் உட்ட. நான் சொன்னத நீ கேக்கல. கிளச்ச நீ மிதிக்கல. உன்மேலயும் தப்புத்தான்."

ஒரு மனுஷன் தன் பெண்டாட்டியைப் பார்த்துச் சொல்கிற கொடுமையான பேச்சு அது. வேறு யார் சொல்லியிருந்தாலும் நானே எழுந்து வந்து சண்டை போட்டிருப்பேன். ஆனால் அக்கா அதைக் கேட்டுத் தலையை ஆட்டினார். சரி, சரி என்பது போல ஆட்டிக்கொண்டே போய்த் தம்பியின் நாற்காலிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தார். அவருடைய வளைந்த காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, ஒரு வருஷமாக அழாத அழுகையை அழுதார். மலையே கேட்கும்படி அழுதார். தம்பி கோலைக் கீழே போட்டுவிட்டு, "அக்கா, எனக்கும் சொன்னாருக்கா. நானுந்தான் கேக்கல" என்று அவர் தோளைப் பிடித்துக்கொண்டு சேர்ந்து அழுதார்.

டிரைவரண்ணன் அக்காவுக்குப் பக்கத்தில் போய்த் தரையிலேயே உட்கார்ந்தார். அன்றைக்குச் சாயங்காலம் வரைக்கும் நான் அங்கேதான் இருந்தேன். அவர் ஒருவரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை.